சிமுலேஷனில் 6, ஃப்ரிட்ஜில் 5.8

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம். மீக்கடத்தி ரெசனேட்டரை, அதாவது குளிர்ந்தால் தடை இல்லாமல் போகும் உலோகத்தில் செய்த, குறிப்பிட்ட அதிர்வெண்களில் மட்டும் அதிரும் சிறு கோட்டை, கணினியில் வரைகிறோம், மென்பொருள் ஓர் அதிர்வெண் சொல்கிறது, மில்லிகெல்வின் ஃப்ரிட்ஜில் குளிரவைத்து அளந்தால் வேறொன்று வருகிறது. அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேடம், சிலிக்கான் மேல் 100 நானோமீட்டர் அலுமினியப் படலத்தில் கால் அலை ரெசனேட்டர் (நீளம் அலைநீளத்தில் கால் பங்கு) செய்தேன். நடுக்கோடு 10 மைக்ரோமீட்டர், இருபுறமும் இடைவெளி 6, அதற்கப்பால் தரை உலோகம். உலோகத்தைக் குறையில்லாக் கடத்தி என்றும், சிலிக்கானின் ஒப்புமை விடுதிறன் (வெற்றிடத்தைவிட எத்தனை மடங்கு மின்புல ஆற்றலைத் தேக்கும் என்ற எண்) 11.7 என்றும் கொடுத்தேன். சிமுலேஷன் 6 ஜிகாஹெர்ட்ஸ் என்றது, அளந்தாலும் 6-ஐ ஒட்டியே வந்தது. அதே வரைபடத்தை டைட்டானியம் நைட்ரைடில் செய்தபோது அளவீட்டு வரைகோட்டில் 5.8-இல் குழி (ரெசனேட்டர் அதிரும் இடத்தில் வரும் பள்ளம்) தெரிகிறது. 3 சதவீத வித்தியாசம்தானே என்று விடுதிறனைக் கொஞ்சம் ஏற்றிப் பொருத்திவிட்டேன். கட்டுரையில் இப்படியே எழுதலாமா? படலத்தின் தடை சதுரத்துக்கு 100 ஓம், மீக்கடத்தியாக மாறும் மாறுநிலை வெப்பநிலை 4 கெல்வின்.
– ஓர் ஆய்வு மாணவர்

எழுதாதீர்கள். 5.8-இல் நீங்கள் பார்ப்பது அந்த ரெசனேட்டரின் அடிப்படை அதிர்வாக இருக்கவே முடியாது. கடைசி வரியில் போகிற போக்கில் சொன்ன இரண்டு எண்கள் போதும், இதைக் கையாலேயே கணக்குப் போட்டுவிடலாம்.

மீக்கடத்தியில் மின்னோட்டத்தைச் சுமக்கும் கூப்பர் இணைகளுக்கு (இரண்டிரண்டாகச் சேர்ந்த எலக்ட்ரான்கள்) நிறை உண்டு. நுண்ணலை ஒவ்வொரு அரைச் சுற்றிலும் அவற்றைத் திருப்பி ஓட்டுகிறது. அவை உடனே திரும்பாமல் சற்றுப் பின்தங்குகின்றன. மின்சுற்றின் பார்வையில் இந்தப் பின்தங்கல் கூடுதல் இண்டக்டன்ஸ். கோட்டைச் சுற்றியுள்ள காந்தப்புலத்தால் வரும் வழக்கமான இண்டக்டன்ஸோடு இதுவும் சேர்கிறது. இதைத்தான் கைனடிக் இண்டக்டன்ஸ் என்கிறோம். மாட்டிஸ், பார்டீன் இருவரும் 1958-இல் கொடுத்த கோட்பாட்டிலிருந்து, மெல்லிய ‘அழுக்கு’ப் படலத்துக்கு (எலக்ட்ரான்கள் அடிக்கடி மோதிச் சிதறும் படலம்) ஒரு கைக்கணக்கு கிடைக்கிறது: மீக்கடத்தியாவதற்குச் சற்று முன் சதுரத்துக்கு எத்தனை ஓம் என்று அளந்து, மாறுநிலை வெப்பநிலையால் வகுத்து, 1.38-ஆல் பெருக்குங்கள். விடை சதுரத்துக்கு இத்தனை பைக்கோஹென்றி என்று வரும்.

உங்கள் நைட்ரைடுக்கு 100-ஐ 4-ஆல் வகுத்தால் 25, 1.38-ஆல் பெருக்கினால் சதுரத்துக்கு 34.5 பைக்கோஹென்றி. நடுக்கோட்டின் அகலம் 10 மைக்ரோமீட்டர், ஆகவே ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் 100 சதுரங்கள். மில்லிமீட்டருக்கு 3450 பைக்கோஹென்றி ஆயிற்று. உங்கள் வடிவத்தின் வழக்கமான இண்டக்டன்ஸ் மில்லிமீட்டருக்கு 400 அளவில்தான் இருக்கும். மொத்தம் 3850 என்றால் ஏறத்தாழ 10 மடங்கு. அதிர்வெண் அதன் வர்க்கமூலத்தால் குறையும். 6 ஜிகாஹெர்ட்ஸ் 1.93-க்கு வந்து நிற்கிறது. 1.93-ஐ மூன்றால் பெருக்கிப் பாருங்கள். 5.8!

கால் அலை ரெசனேட்டர் 1, 3, 5 என்று ஒற்றைப்படை மடங்குகளில்தான் அதிரும். பல ஃப்ரிட்ஜ்களில் இருக்கும் குளிர் ஆம்ப்ளிஃபையரும் சர்குலேட்டரும் (அலையை ஒரே திசையில் அனுப்பும் உறுப்பு) 4 முதல் 8 ஜிகாஹெர்ட்ஸ் வரைக்கானவை. 1.93-இல் இருக்கும் அசல் குழி அந்த ஜன்னலுக்கு வெளியே போய்விட்டது. மூன்றாம் மடங்கு மட்டும் நீங்கள் எதிர்பார்த்த இடத்துக்குப் பக்கத்தில் வந்து நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருக்கிறது. விடுதிறனை ஏற்றியதால் நடந்தது ஒன்றே ஒன்று: ஒரு தப்பான அடையாளத்துக்குச் சான்றிதழ் கொடுத்துவிட்டீர்கள்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். ஃப்ரிட்ஜை 1.2 கெல்வினுக்குச் சூடேற்றுங்கள். இண்டக்டன்ஸில் 90 சதவீதம் கைனடிக் என்றால் 5.8-இல் உள்ள குழி 20 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் கீழிறங்க வேண்டும். அலுமினியத்தில் இருந்தது போல 2 சதவீதம்தான் என்றால் அரை மெகாஹெர்ட்ஸ்கூட நகராது. அதற்கு மேல் அதிகம் சூடேற்றினால் குழி ஆழம் குறைந்து அகன்று மங்கிவிடும், தேட வேண்டியிருக்கும்.

அப்படியானால் அலுமினியத்தில் எப்படிச் சரியாக வந்தது? அங்கேயும் சரியாக வரவில்லை. சிலிக்கானுக்கு 11.7 என்பது அறை வெப்பநிலை எண். மில்லிகெல்வினுக்குக் குளிர்ந்த சிலிக்கானுக்கு 11.45-ஐ ஒட்டிய எண்தான் பொருந்தும். கோட்டின் புலம் பாதி காற்றிலும் பாதி சிலிக்கானிலும் இருப்பதால், இரண்டுக்கும் சராசரி எடுத்து வர்க்கமூலம் போட்டால், 11.7 கொடுத்ததால் சிமுலேஷன் 1 சதவீதம் கீழே போயிருக்கிறது. கைனடிக் இண்டக்டன்ஸை விட்டுவிட்டதால், 100 நானோமீட்டர் அலுமினியத்துக்கு, இன்னொரு 1 சதவீதம் மேலே போயிருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு 6 என்று வந்தது. 60 மெகாஹெர்ட்ஸ் மேலே, 60 மெகாஹெர்ட்ஸ் கீழே. இந்த மாதிரிப் பொருத்தம்தான் எனக்குப் பெரிய பயம். பொருந்தாத விடை வந்தால் தேடுவோம், பொருந்திய விடையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

சரி, இனி என்ன செய்ய? சிலிக்கானுக்கு 11.45 கொடுங்கள். உலோகத்தைத் தடிமன் இல்லாத தகடாக வரைந்து, அதன் மேற்பரப்பு மறிப்பாகச் சதுரத்துக்கு 34.5 பைக்கோஹென்றி என்று சொல்லுங்கள். சானெட் மென்பொருளில் அதற்கென்றே ஒரு கட்டம் உண்டு. முப்பரிமாண மென்பொருள்கள் சிலவற்றில் ஹென்றியாகக் கேட்காமல் ஓமாகக் கேட்பார்கள். அங்கே கவனம் தேவை. 34.5 பைக்கோஹென்றி 6 ஜிகாஹெர்ட்ஸில் 1.3 ஓம், 2 ஜிகாஹெர்ட்ஸில் 0.43 ஓம்தான். 1.3 என்று நிலையான எண்ணாக அடித்துவிட்டு 2 ஜிகாஹெர்ட்ஸ் பக்கம் தேடினால் மூன்று மடங்கு இண்டக்டன்ஸ் கொடுத்ததாகிவிடும். அதிர்வெண்ணோடு பெருகும் கோவையாக எழுதுங்கள்.

இன்னொன்று: 50 ஓம் என்று வடிவமைத்த உங்கள் கோடு இந்தப் படலத்தில் 155 ஓம் கோடு. ரெசனேட்டருக்கு நுண்ணலையைக் கொண்டுவரும் ஊட்டுக்கோடும் இதே நைட்ரைடில் இருந்தால் அதன் இரண்டு முனைகளிலும் அலை முட்டித் திரும்பும். குழியின் வடிவம் கோணலாகத் தெரிகிறது என்று அடுத்த கடிதம் எழுதுவதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

உங்களுக்குத் தொல்லை கொடுத்த இதே இண்டக்டன்ஸை வைத்தே கருவி செய்தவர்களும் உண்டு. ஃபோட்டான் விழுந்து கூப்பர் இணைகள் உடைந்தால் கைனடிக் இண்டக்டன்ஸ் கூடும், அதிர்வெண் இறங்கும். அந்த நகர்வை அளந்து ஒளியைக் கண்டுபிடிக்கலாம் என்று கால்டெக், ஜேபிஎல் குழுவினர் 2003-இல் நேச்சர் இதழில் காட்டினார்கள். டைட்டானியம் நைட்ரைடு அவர்கள் துறையில் பின்னால் விரும்பித் தேர்ந்தெடுக்கப்பட்ட பொருள்.

மீக்கடத்திக்குத் தடை பூஜ்ஜியம். அப்படியானால் உலோகத்தின் கடத்துதிறனை 10-இன் அடுக்கு 30 என்று போட்டால் போதாதா?
– ஒரு பொறியியல் மாணவி

போதாது. அவ்வளவு பெரிய எண்ணைப் பார்த்ததும் மென்பொருள் அதைச் சாதாரண உலோகமாகவே எடுத்துக்கொண்டு, காந்தப்புலம் உள்ளே நுழையும் ஆழத்தைக் கிட்டத்தட்ட பூஜ்ஜியம் என்று கணக்கிடும். அது குறையில்லாக் கடத்தி. மீக்கடத்திக்குள் காந்தப்புலம் திட்டமான ஓர் ஆழத்துக்கு நுழைகிறது: தூய அலுமினியத்தில் 16 நானோமீட்டர், தூய நையோபியத்தில் 39. மெல்லிய படலங்களில் இன்னும் அதிகம். அந்த நுழைவில் இருக்கிற ஆற்றலும், மேலே சொன்ன இணைகளின் ஓட்ட ஆற்றலும் உங்கள் 10-இன் அடுக்கு 30-க்குள் எங்கேயும் இல்லை. முந்தைய பதிலில் உள்ள சதுரத்துக்கு இத்தனை பைக்கோஹென்றி என்ற வழியே சுருக்கமானது.

அக்கா, ஊட்டுக்கோட்டோடு ரெசனேட்டர் எவ்வளவு இணைந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். இணைப்புக் கியூ (பெரிய எண் என்றால் ஊட்டுக்கோட்டுக்கு ஆற்றல் மெதுவாகக் கசியும்) 1 லட்சம் வருமாறு வடிவமைத்தேன். 1 முதல் 10 ஜிகாஹெர்ட்ஸ் வரை 1001 புள்ளிகளில் ஓட்டினால் கோடு தட்டையாக இருக்கிறது. குழியே இல்லை. இரவெல்லாம் ஓடியது.
– ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்

குழி இருக்கிறது தம்பி, உங்கள் புள்ளிகள் அதன் மேல் விழவில்லை. 6 ஜிகாஹெர்ட்ஸில் கியூ 1 லட்சம் என்றால் குழியின் அகலம் 60 கிலோஹெர்ட்ஸ். உங்கள் புள்ளிகளுக்கு நடுவில் 9 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி. 150 குழிகளை அருகருகே வைத்தாலும் இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் அடங்கிவிடும்.

இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் மருந்து, முதலில் ஐகன்மோடில் (அமைப்பின் இயல்பு அதிர்வுகளை நேராகக் கணக்கிடும் முறை) அதிர்வெண்ணைக் கண்டுபிடித்துவிட்டு அதைச் சுற்றி நெருக்கமாக ஓட்டுவது. ஊட்டுக்கோட்டின் இரு முனைகளிலும் 50 ஓம் தடையை வைத்து ஐகன்மோட் ஓட்டினால், வரும் சிக்கலெண் அதிர்வெண்ணிலிருந்து கியூவை நேராகவே எடுத்துக்கொள்ளலாம். அதுவும் நல்ல வழிதான். ஆனால் எனக்குப் பிடித்தது வேறு: ரெசனேட்டரையே வரையாதீர்கள்.

ஊட்டுக்கோட்டுக்குப் பக்கத்தில் ரெசனேட்டர் இணையாக ஓடும் சிறு பகுதியை மட்டும் வெட்டி எடுங்கள். ஊட்டுக்கோட்டின் முனைகள் 1, 2. ரெசனேட்டர் கோட்டை வெட்டிய இடத்தில் 3 என்று மூன்றாவது போர்ட். இதில் அதிர்வு கிடையாது, ஆகவே குழியும் கிடையாது. ஒரே ஓர் அதிர்வெண்ணில், நிமிடங்களில் ஓடி முடியும். 1-இலிருந்து 3-க்கு எவ்வளவு திறன் கசிகிறது என்று பாருங்கள். பையை (3.14), அந்தக் கசிவுப் பின்னத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் இணைப்புக் கியூ கிடைத்துவிடும்.

எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். கால் அலை ரெசனேட்டருக்குள் ஓர் அலை போய்த் திரும்ப அரை அதிர்வு நேரம் ஆகிறது. ஒவ்வொரு முறை இணைப்பான் பக்கம் வரும்போதும் 1-க்கும் 2-க்கும் தலா ஒரு பங்கு கசிகிறது, அதனால்தான் இரண்டு மடங்கு. தேங்கியிருக்கும் ஆற்றலைக் கசிவால் வகுத்துக் கோண அதிர்வெண்ணால் பெருக்குங்கள், பை மேலே வந்து நிற்கும். நுண்ணலை டிடெக்டர் செய்பவர்களிடையே இருபது வருடத்துக்கு மேலாகப் புழங்கும் கணக்கு இது. உங்கள் 1 லட்சத்துக்குக் கசிவு மைனஸ் 48 டெசிபெல் வர வேண்டும். 10 ஆயிரம் போதுமென்றால் மைனஸ் 38. இணையாக ஓடும் நீளத்தை மாற்றி மாற்றிப் பார்க்க ஒரு மதியம் போதும்.

மைனஸ் 48 என்பது சின்ன எண். மெஷ், அதாவது மென்பொருள் வரைபடத்தைப் பிரித்துக்கொள்ளும் சிறு கட்டங்கள், முரடாக இருந்தால் அந்த இடத்தில் கணக்குப் பிசிறே அவ்வளவு வரும். மெஷ்ஷை இன்னும் நுணுக்கி, எண் அரை டெசிபெலுக்குள் நிற்கிறதா என்று பார்த்த பிறகே நம்புங்கள்.

என் சிப் 10 மில்லிமீட்டர் சதுரம். வடிவமைக்காத ஒரு குழி எங்கிருந்தோ வருகிறது. சிமுலேஷனில் அது இல்லை.
– பெயர் வேண்டாம் என்று எழுதியவர்

பெட்டியைச் சிமுலேஷனில் வரைந்தீர்களா? பெரும்பாலும் வரைந்திருக்க மாட்டீர்கள். உலோகப் பெட்டிக்குள் வைத்த சிப் தானே ஒரு குழிவறை அதிர்வி. 10 மில்லிமீட்டர் சதுரப் பெட்டி முழுக்கச் சிலிக்கானால் நிரம்பியிருந்தால் அதன் முதல் அதிர்வு 6.3 ஜிகாஹெர்ட்ஸ். நிஜப் பெட்டியில் மேலே காற்றும் இருப்பதால் அதைவிட உயரத்தில் வரும், ஆனாலும் உங்கள் வேலை நடக்கும் இடத்துக்கு ஆபத்தான அருகாமைதான். 5 மில்லிமீட்டர் சிப் என்றால் இதே கணக்கு 12.5 கொடுக்கும். சிப்பைச் சின்னதாக வெட்டச் சொல்வதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

சானெட் போன்ற தளவடிவ மென்பொருள் எப்போதுமே ஒரு உலோகப் பெட்டிக்குள்தான் கணக்குப் போடும். அந்தப் பெட்டியின் அளவை அது கொடுத்த இயல்பு எண்ணிலேயே விட்டுவிட்டால், இல்லாத ஒரு பெட்டியின் அதிர்வைத் துரத்திக்கொண்டிருப்பீர்கள். முப்பரிமாண மென்பொருளில் நேர் எதிர்த் தவறு நடக்கும். திறந்த எல்லை வைத்தால் ஆற்றல் வெளியே கதிர்வீசிப் போய்விடும், கியூ பொய்யாகக் குறையும். உங்களிடம் இருக்கும் செம்புப் பெட்டியை வெர்னியரால் அளந்து அதையே வரையுங்கள். நடுக்கோட்டின் இருபுறமும் உள்ள தரை உலோகத்தை இணைக்கும் வயர்பாண்டுகளையும் (மெல்லிய கம்பிகள்) சேருங்கள். கம்பியின் மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 1 நானோஹென்றி. அவை இல்லாவிட்டால் நடுக்கோட்டின் இரண்டு இடைவெளிகளும் தனித்தனியாக அலை கடத்தத் தொடங்கும்.

சிமுலேஷனில் உள் கியூ (ரெசனேட்டருக்குள்ளேயே நடக்கும் இழப்பை மட்டும் சொல்லும் கியூ) 1 கோடிக்கு மேல் வருகிறது. அளந்தால் 4 லட்சம். எந்த செட்டிங்கை மாற்ற வேண்டும்?
– ஓர் ஆய்வு மாணவி

எந்த செட்டிங்கையும் மாற்ற வேண்டாம். உள் கியூவை மென்பொருளிடம் கேட்பதே தப்பு. நீங்கள் உள்ளே போட்ட இழப்பைத்தான் அது திருப்பித் தரும்.

மின்புல ஆற்றலில் 92 சதவீதம் சிலிக்கானுக்குள் இருக்கிறது. அதன் இழப்புக் கோணம் (மின்புல ஆற்றலை எவ்வளவு விழுங்குகிறது என்ற எண்) 10 லட்சத்தில் ஒரு பங்கு என்றால் கியூ 11 லட்சத்தைத் தாண்டாது. நல்ல சிலிக்கான் அதைவிடத் தூயது. உங்கள் 4 லட்சத்துக்குக் காரணம் அநேகமாக மேற்பரப்புகள்: உலோகத்துக்கும் சிலிக்கானுக்கும் நடுவில், சிலிக்கானுக்கும் காற்றுக்கும் நடுவில், உலோகத்தின் மேல் உள்ள ஆக்சைடில். சில நானோமீட்டர் தடிமனில், ஒழுங்கற்ற ஆக்சைடுகள். அவற்றிலுள்ள இருநிலை அமைப்புகள் (இரண்டு நிலைகளுக்கிடையே தாவும் அணு அளவிலான குறைகள்) நுண்ணலையை விழுங்குகின்றன. ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் அந்தப் படலங்களில் இருக்கிறது, அவற்றின் இழப்புக் கோணம் ஆயிரத்தில் இரண்டு என்று உதாரணத்துக்கு வையுங்கள். கியூ 5 லட்சம் வந்துவிட்டது.

இதில் மென்பொருளால் சொல்ல முடிந்தது அந்த ஆயிரத்தில் ஒன்று, அதாவது பங்கு. இழப்புக் கோணம் உங்கள் துப்புரவையும் பொறிப்பையும் பொறுத்தது. பங்கிலும் ஒரு சிக்கல்: உலோகத்தின் கூரிய விளிம்பில் மின்புலம் ஏறிக்கொண்டே போகும், மெஷ்ஷை நுணுக்க நுணுக்கப் பங்கும் கூடிக்கொண்டே இருக்கும். ஆகவே அந்த எண்ணைத் தனியாக நம்பாமல், ஒரே மெஷ் விதியில் இரண்டு வடிவங்களை ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள். நடுக்கோடும் இடைவெளியும் இரண்டு மடங்கானால் மேற்பரப்புப் பங்கு ஏறக்குறைய பாதியாகும், அளவீட்டிலும் கியூ ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் இழப்பு வேறெங்கோ இருக்கிறது: பெட்டி, காந்தப்புலம், வெளியிலிருந்து வரும் அகச்சிவப்பு.

எந்தத் திறனில் அளந்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. இருநிலை அமைப்புகள் அதிகத் திறனில் தெவிட்டிப்போகும், கியூ தானாக ஏறும். ஒற்றை ஃபோட்டான் அளவில் எடுத்த எண்ணையும் அதிகத் திறனில் எடுத்த எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றே என்றால் ஆக்சைடைக் குறை சொல்ல முடியாது.

உரிமம் வாங்க வழியில்லை. இலவசமாகத் தொடங்க என்ன இருக்கிறது? சாதாரண லேப்டாப் தாங்குமா?
– ஒரு கல்லூரி ஆசிரியர்

தளவடிவத்துக்குச் சானெட்டின் இலவசச் சிறு பதிப்பு. முப்பரிமாணத்துக்கு அமேசானின் குவாண்டம் குழுவினர் திறந்த மூலமாக வெளியிட்ட பேலஸ். சதுரத்துக்கு இத்தனை ஹென்றி என்று நேராகவே வாங்கிக்கொள்ளும், நம் வேலைக்கு வசதி. ஆனால் படம் வரைய, மெஷ் போட வேறு கருவிகள் வேண்டும், முதல் வாரம் பொறுமையைச் சோதிக்கும். ஓப்பன்இஎம்எஸ் என்ற இன்னோர் இலவச மென்பொருள் அலையை நேரத்தில் படிப்படியாக நகர்த்திக் கணக்கிடும் வகை. கியூ அதிகமான ரெசனேட்டரில் அலை அடங்கவே நெடுநேரம் ஆகும், இதற்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

லேப்டாப் தாங்கும், உலோகத்துக்குத் தடிமன் கொடுக்காதவரை. 100 நானோமீட்டர் தடிமனை 10 மில்லிமீட்டர் சிப்பில் மெஷ் போடச் சொன்னால் 1 லட்சத்துக்கு 1 என்ற விகிதம்; எந்த மெமரியும் போதாது. மாணவர்களுக்கு முதல் பயிற்சியாக வளைவு இல்லாத நேர்க்கோடு ஒன்றைக் கொடுங்கள்: 10 மைக்ரோமீட்டர் நடுக்கோடு, 6 மைக்ரோமீட்டர் இடைவெளி, ஒரு முனை தரையோடு சேர்ந்தது, மறுமுனை திறந்தது, நீளம் 5 மில்லிமீட்டர், சிலிக்கானுக்கு 11.45, உலோகம் குறையில்லாக் கடத்தி. கைக்கணக்கில் 6 ஜிகாஹெர்ட்ஸ். அது வந்த பிறகு சதுரத்துக்கு 0.08 பைக்கோஹென்றி சேர்க்கச் சொல்லுங்கள், 60 மெகாஹெர்ட்ஸை ஒட்டி இறங்க வேண்டும். மெஷ்ஷை நுணுக்கும்போது அதைவிட அதிகமாக எண் ஆடினால் வளைவுகளுக்கும் இணைப்பான்களுக்கும் இப்போதைக்குப் போக வேண்டாம்.